மூடும் முன் உள்ளே போய்ப் பார், மகன்

அன்புள்ள மகனுக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். கோட்டின் மேல் நிற்க வேண்டிய எழுத்துகள் சில கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டன. சில மேல் வரிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு நிற்கின்றன. பேனையை அழுத்திப் பிடித்துப் பிடித்து விரல் நுனியில் பள்ளம் விழுந்துவிட்டது. ஆனாலும் இது உன் வாப்பா தன் கையாலேயே எழுதும் கடிதம். யாரும் பக்கத்தில் இருந்து சொல்லித் தரவில்லை. நூலகத்துக்குப் பின்னால் உள்ள மண்டபத்தில் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது, நான் பத்து மாதமாக அஸர் தொழுகை முடிந்ததும் கொப்பியும் கையுமாக அங்கே போய் வருகிறேன் என்று தங்கச்சி ரிஸ்னா உனக்குச் சொல்லியிருப்பாள். நீ சிரித்திருப்பாய். நானும் முதலில் சிரித்தேன். இப்போது ஒரு வரி முடிந்ததும் பேனையை வைத்துவிட்டு அதைத் திரும்ப வாசித்துப் பார்க்கிறேன். நான் மனதில் நினைத்தது அப்படியே தாளில் கிடக்கிறது. எழுபத்திரண்டு வயதில் ஒருவனுக்கு இப்படி ஒரு சந்தோசம் வாய்க்கும் என்று யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். சந்தோசமான விசயம் ஒன்றை எழுதத்தான் ஆசை. முதல் கடிதம் இப்படி அமைந்துவிட்டது.

போன வெள்ளிக்கிழமை நீ அங்கே எண்ணெய்க் கொம்பனி முகாமில் இருந்து போன் எடுத்தபோது வீட்டுக்குள் யார் யார் இருந்தார்கள் என்பது உனக்குத் தெரியாது. வழக்கம்போல ரிஸ்னா சத்தத்தைக் கூட்டிப் போனை மேசை நடுவில் வைத்திருந்தாள். உன் ராத்தாவும் மச்சானும் வந்திருந்தார்கள். பிள்ளைகள் மேசையைச் சுற்றி நின்றார்கள். நிக்காஹ்வுக்காக உன் காசில் ரிஸ்னாவுக்குக் கட்டும் வீட்டின் கூரை வேலையைப் பற்றிக் கேட்க வந்த மேசன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். நீ சொன்னதெல்லாம் அவர் காதிலும் விழுந்தது. கிணறுகளில் எண்ணெயோடு சேர்ந்து வரும் வாயு முன்னையைவிடப் பல மடங்கு கூடிவிட்டது, எண்ணெயையும் வாயுவையும் தண்ணீரையும் பிரிக்கும் பழைய செப்பரேட்டர்களால் அதைத் தாங்க முடியவில்லை, அதனால் நிலையத்தை ஒவ்வொரு பகுதியாக நிறுத்தி, அந்த இரும்புத் தாங்கிகளின் உள்ளே புதிய தட்டுகளும் வலைகளும் பூட்டி, வாயு போகும் குழாய்களைப் பெரிதாக்குகிறார்கள் என்று சொன்னாய். ரிஸ்னாவுக்கு விளங்கவில்லை. சோடாப் போத்தலைக் குலுக்கித் திறந்தால் நுரையோடு சோடாவும் மேலே பாய்கிற மாதிரி, வாயு கூடினால் எண்ணெயையும் அள்ளிக்கொண்டு மேல் குழாய்க்குள் போய்விடும், அதைத் தடுக்கத்தான் இந்த வேலை என்று நான் விளக்கினேன். நீ அந்தப் பக்கத்தில் இருந்து, "வாப்பா இன்னும் மறக்கல்ல" என்றாய். எனக்குப் பெருமையாக இருந்தது.

பிறகுதான் அந்தத் தாளைப் பற்றிச் சொன்னாய். இரண்டாவது தாங்கியை மூடும் முன் நீ ஒரு தாளில் கையெழுத்து வைக்க வேண்டும். உள்ளே போய்ப் பார்த்தேன், ஆள் இல்லை, சாமான் இல்லை, புதிய தட்டுகள் எல்லாம் சரியாகப் பூட்டியிருக்கின்றன என்று அதில் இருக்கும். ஆனால் உள்ளே போய்ப் பார்க்க உனக்கு நேரம் தருவதில்லை. வாயுவைத் திறந்துவிடும் நாள் குறித்தாயிற்று, அதற்கு முன் மூடியாக வேண்டும் என்று மேலாளர் நிற்கிறார். "மற்றவங்க எல்லாம் வச்சிட்டாங்க வாப்பா. நான் ஒரு ஆள் வைக்காம நிண்டா, அடுத்த பிளேன்ல ஏத்திருவாங்க" என்றாய். அப்போது மேசன் என் முகத்தைப் பார்த்தார். ரிஸ்னா பார்த்தாள். எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான், "வச்சிடு மகன், ஒரு கையெழுத்துத்தானே" என்றேன். மேசன் தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் சந்திக் கடைக்குப் போய், கடைக்காரரின் போனில் உனக்கு எடுத்துத் தரச் சொல்லி, என் கடிதம் வந்து சேரும்வரை கையெழுத்து வைக்காதே என்றேன். "நீங்க எழுதுற கடிதமா?" என்று சிரித்தாய். ஏன் என்று கேட்டாய். கடையில் பாண் வாங்க நாலு பேர் நின்றார்கள். என்னால் சொல்ல முடியவில்லை. ஆட்கள் இல்லாத இடத்தில் நின்றாலும் அதை வாயால் சொல்லியிருப்பேனோ தெரியாது. முப்பது வருடம் என் வாய் அதைச் சொல்லவில்லை. உன் உம்மா மௌத்தாகும் வரைக்கும் அவளுக்குக்கூடச் சொல்லவில்லை. கைக்கு எழுத்து வந்த பிறகுதான் அதற்கு ஒரு வழி கிடைத்தது. உன் முகாமுக்குப் பக்கத்து முகாமில் வேலை செய்யும் நம் ஏறாவூர்ப் பொடியன் ஒருவர் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை விமானம் ஏறுகிறார். அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். திங்கட்கிழமைதான் மூடுகிற நாள் என்று நீ சொன்னாய். அதற்கு முன் உன் கைக்கு வந்துவிடும்.

நீ இப்போது நிற்கிற மாதிரியான இடத்தில்தான் நானும் வேலை செய்தேன் என்பது உனக்குத் தெரியும். எண்ணெய்க் கொம்பனியில் வேலை என்று ஊரில் சொன்னார்கள். என்ன வேலை என்று நான் யாருக்கும் விபரமாகச் சொன்னதில்லை. செப்பரேட்டரின் அடியில் சேரும் மண்ணை அள்ளும் வேலை. கிணற்றில் இருந்து எண்ணெயோடு மண்ணும் வந்து தாங்கியின் வயிற்றில் படியும். வருடத்துக்கு ஒரு தடவை, சில நேரம் இரண்டு தடவை, நிலையத்தை நிறுத்தி, தாங்கியைக் கழுவி, காற்றாடி வைத்து உள்ளே இருக்கிற வாயுவை வெளியேற்றி, எங்களை உள்ளே அனுப்புவார்கள். பக்கத்தில் ஒரு வட்ட ஓட்டை, அதற்கு மேன்ஹோல் என்று பெயர். தலையை முதலில் விட்டு, ஒரு தோளைச் சரித்து, மற்றத் தோளை இழுத்துத்தான் உள்ளே போக வேண்டும். வயிறு வைத்தவன் போக ஏலாது. நான் அந்த நாளில் மெலிந்தவன். அதனால் ஒவ்வொரு தாங்கிக்கும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். உள்ளே நிமிர்ந்து நிற்க இடமில்லாத மூலைகள் உண்டு. இரும்பு வியர்க்கும். கறுப்புச் சேறு முழங்கால்வரை இருக்கும். முகமூடி போட்டாலும் அழுகிய முட்டை மணம் போகாது. நீ பேசுகிற பேச்சு உன் காதுக்கே வேறொருவன் பேசுகிற மாதிரித் திரும்பி வரும். வெளிச்சம் ஒரு வயரில் தொங்கும் விளக்கு மட்டும். ஓட்டைப் பக்கம் திரும்பிப் பார்த்தால் ஒரு சாப்பாட்டுத் தட்டளவு வானம் தெரியும். அதையே பார்த்துப் பார்த்து மண் அள்ளுவேன். என் பாஸ்போட் கொம்பனியின் அலுமாரிக்குள். ஒப்பந்தம் முடியும்வரை போக முடியாது. நான் விமானம் ஏறியபோது ஊரில் நீ பிறந்து நாற்பது நாள். உன் ராத்தாவுக்கு ஒன்பது வயது. பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் நிக்காஹ் நடக்காத ஊர் நமது ஊர். அப்போதே அந்த வீடு என் தலைக்கு மேல் நின்றது.

என்னோடு மண் அள்ளியவர்களில் பூபாலபிள்ளை என்று ஒருவர். கிரான் ஆள், வயல்காரர். உலகத்தின் இன்னொரு மூலையில் கிரானில் இருந்தும் ஏறாவூரில் இருந்தும் இரண்டு பேர் ஒரே அறையில் கட்டில் போட்டுக் கிடந்தோம். ஊரில் அது, தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் நடந்த சண்டையால், அவர் இடத்துக்கு நானும் என் இடத்துக்கு அவரும் வரப் பயந்த காலம். முகாமில் அவர் என் தட்டில் சோறு போடுவார், நான் அவருக்குத் தேயிலை ஊற்றுவேன். எனக்கு எழுதத் தெரியாது என்பது அங்கே அவர் ஒருவருக்குத்தான் தெரியும். உன் உம்மாவின் பெட்டியில் இருக்கிறதே என் கடிதங்கள் என்று ஒரு கட்டு, அவையெல்லாம் அவருடைய எழுத்து. நான் சொல்லச் சொல்ல அவர் எழுதுவார். ஒரு நாள் அவர் எழுதிக்கொண்டே, "மச்சான், மனிசிக்கு இன்னும் ரெண்டு நல்ல வார்த்தை சொல்லு, தாள்ல இடமிரிக்கி" என்றார். நான் வெட்கப்பட்டு, நீயே போடு என்றேன். அவர் என்ன போட்டார் என்று போன மாதம்தான் வாசித்துப் பார்த்தேன். அதை இங்கே எழுத மாட்டேன்.

அந்த வருடமும் நிலையத்தைப் பெரிதாக்கும் வேலைதான் நடந்தது. இப்போது உனக்கு நடப்பது போலவே வாயு கூடிவிட்டது என்றார்கள். ஒரே நேரத்தில் நாலு தாங்கிகள் திறந்து கிடந்தன. அவசரம். மேன்ஹோல் வாசலில் நிற்கும் காவல்காரர் காய்ச்சலில் விழுந்துவிட்டார். அந்த வேலை என்னவென்று உனக்குத் தெரியும். யார் உள்ளே போகிறார், யார் வெளியே வருகிறார் என்று கொப்பியில் பெயரும் நேரமும் எழுத வேண்டும். எல்லாரும் வெளியே வந்த பிறகுதான் அவர் கையைக் காட்டுவார், பிறகுதான் மூடியைப் போடுவார்கள். போர்மன் வந்து, உங்களில் யாருக்கு எழுதத் தெரியும் என்று கேட்டார். மூன்று கிழமையாக நான் உள்ளே கிடந்திருந்தேன். மகன், என் கை தானாக மேலே போனது. வெளிச்சத்தில் நிற்க வேண்டும் என்ற ஒரு எண்ணத்தைத் தவிர என் தலையில் அந்த நேரம் வேறொன்றும் இல்லை. பூபாலபிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குனிந்து தன் சுரண்டியை எடுத்தார்.

கொப்பியில் ஆளுக்கு ஒரு கோடு போட்டேன். கோட்டுக்குப் பக்கத்தில் எழுத்து மாதிரி ஏதாவது கிறுக்கினேன். போர்மனுக்கு எங்கள் எழுத்துத் தெரியாது, அதனால் அவர் சந்தேகப்படவில்லை. ஒருவர் வெளியே வந்தால் ஒரு கோட்டை வெட்டுவேன். எட்டு நாள் ஒரு பிசகும் இல்லாமல் போனது. பிசகு வராததற்குக் காரணம், அந்த எட்டு நாளும் ஆட்கள் ஒருவர் இருவராகப் போய் வந்தார்கள். ஒன்பதாம் நாள் ஆறு பேர் வரிசையில் நின்றார்கள். எல்லாரையும் ஒரேயடியாக உள்ளே அனுப்பு, மத்தியானத்துக்குள் மூட வேண்டும் என்று போர்மன் கத்தினார். நான் கொப்பியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். முன்னால் வரிசை, கையில் கணக்கு, பக்கத்தில் அவசரப்படுத்துகிற ஒருவர். களத்தில் நெல் அளக்கிற மாதிரியே இருந்தது. பன்னிரண்டு வயதில் இருந்து என் வாப்பாவின் வட்டை வயலில் சூடு மிதித்த நெல்லுக்கு மரக்கால் எண்ணியவன் நான். நம் களத்தில் முதல் மரக்காலை எப்படி எண்ணுவோம் என்று நீ சின்ன வயதில் பார்த்திருக்கிறாய். ஒன்று என்று சொல்ல மாட்டோம். பொலி என்று சொல்லி அதை ஒரு புறமாகக் கொட்டிவிடுவோம். அது இல்லாதவர்களுக்கு. கணக்கில் சேராது. இரண்டாவது மரக்காலில்தான் ஒன்று தொடங்கும். முதலாவதாகப் பூபாலபிள்ளை தலையைக் குனிந்து உள்ளே போனார். என் வாய், பொலி என்றது. கோடு போடவில்லை. அடுத்தவருக்கு ஒரு கோடு, அதற்கடுத்தவருக்கு ஒரு கோடு. ஆறு பேர் போனார்கள். கொப்பியில் ஐந்து கோடு.

மத்தியானம் நெருங்கும்போது சேறு வழிய ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். எல்லாரும் தலையில் இருந்து கால்வரை கறுப்பு, முகமூடி வேறு. யார் யார் என்று தெரியாது. நான் கோடுகளை வெட்டினேன். ஐந்தாவது கோட்டை வெட்டியதும் கொப்பியைப் பார்த்தேன். மிச்சம் ஒன்றும் இல்லை. போர்மனைப் பார்த்துக் கையைக் காட்டினேன். காற்றாடியைக் கழற்றினார்கள். விளக்கு வயரை இழுத்தார்கள். மூடியைச் சுற்றி எடுத்து ஓட்டையில் வைத்து, நாலு போல்ட்டை ஸ்பானரால் இறுக்கிவிட்டு, மிச்சத்தைச் சாப்பிட்ட பிறகு போடலாம் என்று போனார்கள். நானும் போனேன். சாப்பாட்டுக் கொட்டகையில் எங்கள் ஆட்களின் தூக்குச்சட்டிகளைக் கொடுப்பது அன்று என் வேலை. ஐந்து பேருக்குக் கொடுத்தேன். என்னுடையதை எடுத்தேன். மேசையில் இன்னும் ஒரு சட்டி இருந்தது. யாருடையது என்று நான் யோசிக்கத் தேவைப்படவில்லை. அதன் பிடியில் சிவப்புத் துணி சுற்றியிருந்தது. பூபாலபிள்ளையின் சட்டி.

தாங்கிக்குத் திரும்ப ஓடினேன். மூடியில் காதை வைத்தேன். உள்ளே இருந்து இரும்பில் இரும்பு தட்டும் சத்தம் கேட்டது. பலமாக இல்லை. ஒன்று, பிறகு கொஞ்ச நேரம் விட்டு இன்னொன்று. போல்ட்டை விரலால் திருகினேன், அசையவில்லை. ஃபிட்டர்கள் ஸ்பானரோடு வந்து சேர எவ்வளவு நேரம் சென்றது என்று எனக்குத் தெரியாது. மூடி விலகியதும் அவருடைய கை முதலில் வெளியே வந்தது. நான் பிடித்து இழுத்தேன். தட்டுக்குப் பின்னால், அந்தக் கடைசி மூலையில் மண் சுரண்டிக்கொண்டிருந்திருக்கிறார். விளக்குப் போனதும்தான் தெரிந்திருக்கிறது. நிலத்தில் உட்கார்ந்து முகமூடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். கண் மட்டும் வெள்ளை. "மச்சான், நீ என்னப் பொலியில போட்டுட்டாய்" என்றார். கிரான் களத்திலும் அதே வழக்கம். உள்ளே போகும்போது நான் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது. இருட்டில் இருந்து யோசித்துக் கண்டுபிடித்திருக்கிறார்.

அன்று பின்னேரமே விசாரணை. நாங்கள் இரண்டு பேரும் ஒரு அறையில் நின்றோம். கொப்பி மேசையில் கிடந்தது. இப்போது பிடிபடுவேன், எழுத்துத் தெரியாதவன் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்துக் கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. திறக்கவில்லை. பூபாலபிள்ளை முந்திக்கொண்டு, பிழை என்னுடையது, நான் வெளியே வந்து கணக்குக் கொடுத்துவிட்டு, சுரண்டியை விட்டுவிட்டேன் என்று சொல்லாமல் திரும்ப உள்ளே போய்விட்டேன் என்றார். கோடுகளை அவர்கள் எண்ணிப் பார்க்கவே இல்லை. மூன்று நாளில் அவரை விமானத்தில் ஏற்றினார்கள். நான் இன்னும் ஒன்பது வருடம் அங்கே இருந்தேன். உன் ராத்தாவின் வீடு அந்த ஒன்பது வருடத்தில் எழுந்தது. அந்த ஒன்பது வருடத்தில் நான் ஒரு கடிதமும் போடவில்லை. வாப்பா எங்களை மறந்துபோனார் என்று நீ உம்மாவிடம் அழுததாகப் பின்னால் கேள்விப்பட்டேன். நான் மறக்கவில்லை மகன். எழுதித் தர ஆளில்லை. வேறொருவரிடம் போய் எனக்கு எழுதத் தெரியாது என்று சொல்ல வெட்கம்.

ஊருக்கு வந்த பிறகாவது அவரைப் போய்ப் பார்த்தேனா? இல்லை. முதலில் ரோட்டைச் சொன்னேன், காலம் சரியில்லை என்றேன். பிறகு ரோடு திறந்தது, பஸ் ஓடியது, காலமும் மாறியது. நான் மாறவில்லை. ஒரு தடவை செங்கலடிச் சந்தையில் அவர் மரவள்ளிக்கிழங்கு பேரம் பேசிக்கொண்டு நிற்கக் கண்டேன். பஸ்ஸுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவர் போகும்வரை நின்றேன். என்னால் ஒரு மனிதனின் வாழ்க்கை கெட்டது, என் பிள்ளைகளின் வீடு அவர் இழந்த வேலையில் கட்டியது என்ற நினைப்போடு இவ்வளவு காலம் இருந்துவிட்டேன். வெளியே போக ஓட்டை இல்லாத தாங்கி அது.

இந்தக் கடிதத்தை ஞாயிற்றுக்கிழமை தொடங்கினேன். இரண்டு நாளில் மேலே உள்ளது வரை வந்து, இதற்கு மேல் எழுத முடியாமல் கை நின்றுவிட்டது. அவர் என்ன ஆனார் என்றே தெரியாமல் உனக்கு என்ன புத்தி சொல்வது? அதனால் செவ்வாய்க்கிழமை காலையில் வாழைச்சேனை பஸ்ஸில் ஏறிக் கிரானில் இறங்கினேன். அரை மணித்தியாலம்கூட இல்லை. விசாரித்துக்கொண்டு போனேன். அவர் வீட்டு முற்றத்தில் நெல் காயப் போட்டு, கதிரையில் இருந்து கோழி விரட்டிக்கொண்டிருந்தார். பல் இல்லை, ஒரு கண்ணில் பூ விழுந்திருக்கிறது. கண்ணுக்கு மேல் கையை வைத்து என்னைப் பார்த்தார். பிறகு, "கிரானுக்கும் ஏறாவூருக்கும் முப்பது வருசத் தூரமா மச்சான்?" என்றார்.

நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். எனக்காக நீ பழியை ஏற்றாய், என் பிள்ளைகளுக்காக உன் வேலையை விட்டாய், நான் ஒரு வார்த்தை பேசவில்லை என்றேன். அவர் மகள் கொண்டு வந்த தேத்தண்ணியை என் கையில் தந்துவிட்டு அவர் சிரித்தார். சிரிப்பில் கேலி இருந்தது.

"உனக்காகச் சொன்னனெண்டா நினைச்சாய்? உன்னப் போல விசரன நான் காணல்ல. அந்த மூடி போட்ட பிறகு நான் உள்ளுக்க இருந்து ஒண்டுதான் நினைச்சன். தப்பி வெளிய போனா, இனி இதுக்குள்ள தலையப் போட மாட்டன். ஆனா பாஸ்போட் அவனுகள்ட கையில. ஒப்பந்தம் இன்னும் ஒண்டர வருசம். நானாக் கேட்டா விடுவானுகளா? பிழை என்ர எண்டு சொன்னா அனுப்புவானுகள் எண்டு தெரியும். அதான் சொன்னன். மூணாம் நாள் வீட்ட நிண்டன்."

நான் கோப்பையைப் பிடித்தபடி நின்றேன். அப்படியானால் உனக்கு நட்டம் இல்லையா என்று கேட்டேன்.

"நட்டம் இல்லாம? மூத்தவளுக்கு வீடு ஓலை வீடுதான் குடுத்தன். மாப்பிள்ளை பகுதி ரெண்டு வருசம் முகத்த நீட்டிக்கொண்டு திரிஞ்சுது. பிறகு பிள்ள பிறந்த உடன எல்லாம் சரி. கல்லு வீடு பிறகு கட்டினன். நான் செத்திருந்தா ஓலை வீடும் இல்ல." பிறகு கோழியை விரட்டிவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அதுக்காக நீ வராம இருந்தது சரியெண்டு இல்ல. நான் பாத்துக்கொண்டுதான் இருந்தன். சந்தையில பஸ்ஸுக்குப் பின்னால ஒளிச்சதையும் பாத்தன்."

அப்போதுதான் நான் உட்கார்ந்தேன். மத்தியானம் அங்கேதான் சாப்பிட்டேன். உன்னைப் பற்றிக் கேட்டார். நீ நிற்கும் நிலைமையைச் சொன்னேன். அவர் சோற்றில் இருந்து கையை எடுத்துவிட்டார். "புதுத் தட்டுச் சரியாப் பூட்டாம கேஸத் திறந்தா என்ன நடக்கும்?" என்று கேட்டார். பழைய அளவு வாயு என்றால் ஆடிக்கொண்டு கிடக்கும், இப்போது வருகிற வேகத்துக்கு அது பிய்த்துக்கொண்டு குழாய்க்குள் போகும், அந்தப் பக்கம் வாயுவை அழுத்தும் இயந்திரத்துக்குக் கிட்ட நிற்கிறவர்கள் தப்ப மாட்டார்கள் என்றேன். "அப்ப அந்தத் தாளில அவன்ட பேர்தானே இரிக்கும்" என்றார். பிறகு என் தட்டில் சோறு போட்டார்.

நேற்று ரிஸ்னாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும் இல்லை, பார்க்காமல் மூடினால் ஆட்கள் சாகலாம், உன் காக்கா கையெழுத்து வைக்காவிட்டால் அவனை அனுப்பிவிடுவார்கள், அனுப்பினால் உன் வீட்டுக் கூரை இந்த வருடம் ஏறாது என்று மட்டும். அவள் முதலில் அழுதாள். பொய் எழுத மாட்டேன், அழுதாள். நிக்காஹ்வுக்குத் திகதி குறித்த பெண்பிள்ளை. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "அந்தத் தாங்கியால ஆரும் மௌத்தாகினா அந்த வீட்டுக்குள்ள எனக்கு நித்திர வருமா வாப்பா?" என்று கேட்டாள். அவளைக் கூட்டிக்கொண்டு போகவில்லை, நான் தனியாகவே மாப்பிள்ளையின் வாப்பாவிடம் போனேன். வீடு முடியச் சுணங்கலாம், காரணம் என் மகனின் வேலை என்றேன். அவர் முகம் மாறியது. வீட்டில் கலந்து பேசிச் சொல்கிறோம் என்றார். வாசல்வரை வந்து வழியனுப்பவில்லை. அந்தச் சம்பந்தம் நிற்குமோ போகுமோ, இன்றைக்கு எனக்குத் தெரியாது. நல்லபடியாக முடிந்தது என்று எழுதி உன்னைச் சமாதானப்படுத்த மாட்டேன். அப்படியான கடிதங்கள் நம் குடும்பத்தில் போதும்.

ஆகவே மகன், வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாலும் நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மேசன் முகத்தைப் பார்த்துச் சொன்ன சொல் அது. நீ திங்கட்கிழமை டோர்ச் லைட்டை எடுத்துக்கொண்டு அந்த ஓட்டைக்குள் உன் தலையை விடு. நேரம் இல்லை என்றால், நேரம் தந்தால்தான் தாள் என்று சொல். கார்ட் முறை வந்துவிட்டது, இயந்திரமே ஆட்களை எண்ணுகிறது என்று நீ சொன்னாய். எண்ணட்டும். நீ உன் வாயால் ஒவ்வொரு பெயரையும் கூப்பிடு. தட்டுக்குப் பின்னால் உள்ள மூலைக்குப் போ. புதிய தட்டு ஒவ்வொன்றையும் கையால் பிடித்து அசைத்துப் பார். எல்லாம் சரி என்றால் சந்தோசமாகக் கையெழுத்து வை. சரியில்லை என்றாலோ, பார்க்கவே விடவில்லை என்றாலோ, பேனையை மூடி அவர்கள் கையில் கொடுத்துவிடு. அனுப்பினால் வா. அனுப்பப்படுவது ஒரு மனிதனின் முடிவு என்று நான் முப்பது வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் இரண்டு பேரில் வெளியே போனவர் அவர், உள்ளேயே கிடந்தவன் நான். உனக்கு அது நடக்கக் கூடாது. உன் ராத்தாவின் வீட்டுக்காக நான் அடைபட்டேன், உன் தங்கச்சியின் வீட்டுக்காக நீ அடைபட்டுக் கிடக்கிறாய். இதை ஊர் முறை என்று நினைத்துத் தொடர்ந்தது என் பிழை. உனக்கு முப்பது வயது தாண்டிவிட்டது, உனக்கென்று என்ன வேண்டும் என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

கொப்பியில் பத்துப் பக்கம் முடிந்துவிட்டது. வகுப்பு டீச்சர் ஒரு நாளைக்கு அரைப் பக்கம் போதும் என்றிருந்தா. இதைக் கண்டால் ஏசுவா. விரல் வலிக்கிறது, ஆனால் வைக்க மனமில்லை. அடுத்த கிழமையும் எழுதுவேன். நீ அங்கேயே இருந்தால் தபாலில் போடுவேன். இங்கே வந்துவிட்டால் உன் கையில் தருவேன். அப்போது நீ அதை என் முன்னால் வாசிக்கக் கூடாது, உள்ளே கொண்டுபோய் வாசி. நான் முற்றத்தில் இருப்பேன்.

உன் வாப்பா